நல்ல கிருமி அக்கா

மருந்துக் கடைன்னா இன்னா, சீட்டக் குடுத்தமா, மாத்திரைய வாங்கினமா, வூட்டப் பாத்து வந்தமான்னு இருக்கணும். அக்கா நின்ன கடையில அந்தக் கதையே நடக்காது. சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்துல இருந்துச்சு அந்தக் கடை. வயித்துப்போக்குக்கு வெள்ளப் பவுடர் பொட்டலம் ரெண்டு குடுங்கன்னு போய் நின்னா போதும், அக்கா கண்ணாடிய மூக்குமேல ஏத்திக்கினு கோர்ட்டு வக்கீலாட்டம் ஆரம்பிச்சிடும்.

"எவரிக்கி? வயசெந்த? யாருக்கு, எத்தினி வயசு? வேற இன்னா மாத்திர துன்றாங்க? ஒடம்புல பைப்பு கிய்ப்பு மாட்டி வெச்சிருக்காங்களா? பெரிய ஆபரேசன் எதுனா?"

வந்த ஆளு முழிப்பான். வயிறு போவுதுன்னு வந்தவன்கிட்ட பைப்பு மாட்டியிருக்குதான்னு கேட்டா முழிக்காம இன்னா பண்ணுவான்? பின்னால நிக்கிற நாலு பேரு உச்சுக் கொட்டுவாங்க. அதெல்லாம் அக்கா காதுல ஏறவே ஏறாது. பதில் வந்தாத்தான் பொட்டலம் கைக்கு வரும். குடுக்கும்போதும் சொம்மா குடுக்காது. "வேடி பாலலோ கலபகண்டி அம்மா"ன்னு தெலுங்குல ஒரு தபா, "சுடுபால்ல கலக்காத, ஆறுன தண்ணியில கலக்கு"ன்னு தமிழ்ல ஒரு தபா. ரெண்டு பாஷையும் தெரிஞ்சவன் வந்தாலும் ரெண்டையும் கேட்டுட்டுத்தான் போவணும்.

அந்தப் பொட்டலத்துல இருக்கிறதுக்கு நல்ல கிருமின்னு பேரு வெச்சிருந்துச்சு. கெட்ட கிருமியக் கொல்ற மாத்திர உள்ள போயி, நல்லது கெட்டது பாக்காம வயித்துல இருக்கிற அத்தினியையும் அடிச்சுப் போட்டுடும், அப்பால வயிறு கலகலத்துப் போவும், அப்ப உசுரோட உள்ள அனுப்பற ஆளுங்கதான் இதுன்னு சொல்லும். அக்கா சொல்றதக் கேட்டா சொந்தக்காரங்களப் பஸ் ஏத்தி அனுப்பற மாதிரி இருக்கும். அதனாலயே சந்துல எல்லாருக்கும் அது நல்ல கிருமி அக்காதான். நெசப் பேர நான் சொல்லப் போறதில்ல. அக்கா இப்ப சித்தூர்ல இல்ல, திருத்தணி பக்கம் அதும் ஊரோட போயிடுச்சு. போன் பண்ணாலும் எடுக்கறதில்ல.

படிச்ச பார்மசிஸ்ட் கிடையாது அக்கா. பத்தாவது பாஸு. ஓனருதான் படிச்சவரு. மருந்து டப்பாக்குள்ள மடிச்சு மடிச்சு ஒரு காயிதம் வெச்சிருப்பாங்களே, எறும்பு எழுத்துல, நாமெல்லாம் கிழிச்சுப் போட்டுடுவோமே, அத எடுத்துக்கினு வந்து வூட்டுல ஒக்காந்து எழுத்துக்கூட்டிப் படிக்கும். புரியலன்னா மறுநாளு ஓனரப் புடுங்கி எடுக்கும். அந்த ஆளு, "உனக்கு அர்த்தம் சொல்றதுக்கு நான் திரும்பக் காலேஜுக்குப் போவணும்"னு தலையில அடிச்சுக்குவாரு.

நான் நாகலாபுரம் பக்கத்துக்காரி. எங்க வூட்டுக்காரு சித்தூர்ல ஆட்டோ ஓட்டறாரு. சீசன்ல நான் மாங்காக் கூழ் கம்பெனிக்குப் போவேன், மாம்பழம் அறுக்கிற வேல. ஒரே லைன் வூட்டுல மூணாவது போர்ஷன் நாங்க, நாலாவது அக்காவும் அதும் வூட்டுக்காரரும். அக்கான்னு கூப்புட்டதால அவரு எனக்கு மாமா. கொழந்த குட்டி இல்ல அவங்களுக்கு. நடுவுல ஒரு செவுரு, அவ்ளோதான்.

மொத தபா அக்கா என் வூட்டுக்குள்ள வந்தது என்னத் திட்டறதுக்குத்தான். என் பொண்ணுக்கு ஒன்றர வயசு. சளி ஜொரம்னு டாக்டர் ஆன்டிபயாடிக் டானிக் குடுத்தாரு. மூணா நாளு பேதி புடுங்கிக்கிச்சு. காலையிலருந்து மத்தியானத்துக்குள்ள பன்னெண்டு தபா. கழுவிக் கழுவி என் கையே ஊறிப் போச்சு. டாக்டரு எழுதுன அந்தப் பொட்டலத்தக் கொதிக்கக் கொதிக்கப் பால்ல கலந்து ஊட்டிக்கினு இருந்தேன். கொழந்தைக்கு எதையும் காச்சித்தான் குடுக்கணும்னு எங்கம்மா சொல்லிக் குடுத்தது. சூடு எவ்ளோக்கு இருக்குதோ அவ்ளோக்கு நல்லதுன்னு நெனப்பு.

சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்த அக்கா, பொண்ணு அழுவற சத்தம் கேட்டு எட்டிப் பாத்துச்சு. டம்ளரத் தொட்டுப் பாத்துச்சு. அவ்ளோதான், புடிச்சுக்கிச்சு.

"அடிப் பாவி! உசுரோட இருக்கிறதச் சுடுபால்ல போட்டுக் கொன்னுட்டு, பொணத்த ஊட்டிக்கினு இருக்கிறியே கொழந்தைக்கு!"

எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். கொழந்த கண்ணு சொருவிக் கெடக்கு, இவ வந்து வாய்க்கு வந்தத பேசறாளேன்னு. ஆனா அக்கா அதுக்குள்ள பொண்ணத் தூக்கி மடியில போட்டுக்கினு, உச்சந்தலையத் தொட்டுப் பாக்குது, நாக்கப் பாக்குது, "எப்போ ஒண்ணுக்குப் போனா?"ன்னு கேக்குது. காலையில போனான்னேன். "அப்ப மொதல்ல உப்புச் சக்கரத் தண்ணி. பொட்டலம்லாம் அப்பால. இன்னும் ஒரு அவர்ல ஒண்ணுக்குப் போவலன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. இந்தப் பொட்டலம் ஒண்ணும் சாமி இல்ல."

கரண்டி கரண்டியா ஊட்டுச்சு. அன்னிக்கு அரை நாளு கடைக்குப் போவல. சாயங்காலம் பொண்ணு என் மடியெல்லாம் நனைச்சா. மூத்திரத்தப் பாத்து ஒரு பொம்பள சந்தோசத்துல ஓன்னு அழுதது அன்னிக்குத்தான் நடந்திருக்கும். அக்காவும் அழுதுச்சு. அழுதுக்கினே, "டானிக் குடுத்து ரெண்டு அவர் கழிச்சுப் பொட்டலம், ஆறுன தண்ணியில, தெரிஞ்சுதா?"ன்னு கேட்டுச்சு.

அன்னியிலருந்து என் பொண்ணு உசுரு அக்கா குடுத்ததுன்னுதான் எங்க வூட்ல கணக்கு.

குடுக்கிறதுல எவ்ளோ கெட்டியோ, குடுக்க மாட்டேன்றதுல அதவிடக் கெட்டி. கூழ் கம்பெனிப் பொம்பளைங்க அறுக்கிற சாக்குல பழத்த துன்னுட்டு வயித்தப் புடிச்சுக்குவாங்க. அக்காகிட்ட பொட்டலம் வாங்கியாடின்னு என்ன அனுப்புவாங்க. "மொதல்ல பழம் துன்றத நிறுத்தச் சொல்லு, அப்பால பாக்கலாம்"னு வெறுங்கையோட அனுப்பிடும். ஒரு அம்மா, பரிட்சைக்குப் போற பையனுக்கு அந்தச் சின்னச் சின்ன பாட்டில்ல வர இனிப்பு மோரு வாங்க வந்துச்சு. மூளைக்கு நல்லதாமேன்னு கேட்டுச்சு. "குடிச்சாக் குடிக்கட்டும், ருசியா இருக்கும். மார்க்கு வாங்கித் தராதும்மா அது"ன்னுச்சு அக்கா. ஓனரு பக்கத்துலயே நின்னுக்கினு பல்லக் கடிச்சாரு.

இன்னொரு நாளு நானும் கடையில இருந்தேன். ஒரு ஆளு அவங்கப்பாவுக்குப் பேதின்னு பொட்டலம் கேட்டான். வழக்கம் போலக் கேள்வி. கடைசியில, கிட்னி மாத்தியிருக்குதுன்னு சொன்னான். கண்ணாடி மேசை மேல எடுத்து வெச்ச பொட்டலத்த அக்கா வெடுக்குனு இழுத்துக்கிச்சு.

"டாக்டரக் கேக்காம இது குடுக்க முடியாது."

"தயிராட்டம்தானம்மா? சீட்டே வாணாம்னு சொல்றாங்களே?"

"நமக்குத் தயிராட்டம். கிட்னி மாத்தினவருக்கு ஒடம்புல எதிர்த்து நிக்கிற சக்தியவே மாத்திர குடுத்துக் கொறச்சு வெச்சிருப்பாங்க. போய்க் கேட்டுக்கினு வா."

அந்தாளு ஒரே ரகள. ஓனரு தெலுங்குல அக்காவ வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. ரெண்டு நாளு கழிச்சு அதே ஆளு வந்தான். டாக்டரு வாணாம்னு சொல்லிட்டாராம். தேங்ஸுன்னு ஒரு வார்த்த சொல்லல, தலவலித் தைலம் ஒண்ணு வாங்கிக்கினு போய்ட்டான். அக்கா அவனுக்கும், "கண்ணுல படாம தடவு"ன்னு சொல்லி அனுப்புச்சு.

மாமா இத வெச்சே அக்காவ ஓட்டுவாரு. அவருக்கு போர்வெல் மோட்டார் வைண்டிங் வேல. ஆளு நல்லா மொரட்டு மீச. "ஏம்மே, ஒரு டம்ளர் மோரு கேட்டாக்கூட எவரிக்கி, வயசெந்தன்னு கேக்கறாம்மே எம் பொண்டாட்டி"ன்னு செவுருக்கு இந்தப் பக்கம் கேக்கற மாதிரி கத்துவாரு. மூணு வேளையும் தயிரு வேணும் அந்த மனுசனுக்கு. கறிக்கொழம்பு துன்னாலும் கடைசியா தயிரு. ஒற ஊத்தறதுல அக்கா பெரிய கைகாரி. விரல விட்டுப் பாத்து, சூடு பதமா ஆறுனப்பறம்தான் ஊத்தும். அந்தச் சட்டியிலருந்து ஒரு கரண்டி வாங்கித்தான் நானும் ஒற ஊத்தக் கத்துக்கினேன்.

அந்த மாமாவுக்குத்தான் வந்துச்சு.

மொதல்ல பல்லு ஈறுல ரத்தம். அப்பால கையில கால்ல நீலம் நீலமா. ஜொரம் வுடவே இல்ல. சித்தூர்ல பாத்துட்டுத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாங்க. ரத்தத்துல கேன்சர். மருந்து ஏத்தினாங்க. அந்த மருந்து கெட்டுப்போன ரத்தத்தக் கொல்லுது, கூடவே நல்ல வெள்ளணுவையும் சேத்துக் கொல்லுது. வெள்ளணு கவுண்ட்டு அடிமட்டத்துக்குப் போச்சு. ஜொரம் வந்துச்சு. ஜொரத்துக்குப் பெரிய பெரிய ஆன்டிபயாடிக் ஊசி. அப்பால இன்னா ஆவும்? பேதிதான். அக்கா கடைக்கு எத்தினி பேரு வந்து நின்னாங்களோ, அதே கேசு, சொந்தப் புருசனுக்கு.

நான் சேதி கேட்டதும் ஒரு எவர்சில்வர் டப்பா நெறைய தயிரு எடுத்துக்கினேன். கடை ஓனரு, பாவம், அவரே பத்துப் பொட்டலம் எடுத்துக் குடுத்து, "உங்க அக்காகிட்ட குடு"ன்னாரு. பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். ஒடம்பு இளைச்சு அக்கா வார்டு வாசல்லயே நின்னுக்கினு இருந்துச்சு, மூஞ்சில மாஸ்க்கு. என் கையில டப்பாவப் பாத்ததும் ஓடி வந்து மறிச்சுச்சு.

"உள்ள எடுத்தாராத! அவரு கண்ணுல காட்டிடாத!"

"அக்கா, நீ சொல்லிக் குடுத்த தயிருக்கா. பொட்டலமும் இருக்குது. நல்ல கிருமிதான?"

"வூட்ல கதவு இருந்தா நல்லவன் விருந்தாளிம்மே. கதவே இல்லாத வூட்ல எவன் நொழஞ்சாலும் ஒண்ணுதான். அது ரத்தத்துல போய் ஒக்காந்துக்கும்." டப்பாவ வாங்கிக்கினு போயி, காரிடார் கடைசியில இருந்த தொட்டியில அப்பிடியே கவுத்துடுச்சு. கைய மூணு தபா சோப்புப் போட்டுக் கழுவிக்கிச்சு.

மாமாவுக்கு வாயெல்லாம் புண்ணு. கொதிக்க வெச்சு ஆத்துன கஞ்சிதான் ஆகாரம். ஒரு வாய் எறங்கறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடும். அந்த மீச கொட்டிப் போயி, மூஞ்சி பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் ஆயிடுச்சு. நான் அப்பப்போ போவேன். எப்போ போனாலும் அவருக்கு ஒரே பேச்சுதான்.

"சில்லுனு ஒரு கரண்டி தயிருடி. ஒரே ஒரு கரண்டி. வாயி எரியுதுடி."

"கவுண்ட்டு ஏறட்டும்யா. ஏறுன அன்னிக்கு எங் கையாலயே ஊட்டறேன்."

"ஊருக்கெல்லாம் அள்ளி அள்ளிக் குடுத்தியே. நான் இன்னாடி பாவம் பண்ணேன்?"

அக்கா கஞ்சிக் கரண்டிய வாய்கிட்ட கொண்டு போவும். அவரு செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. ஒரு நாளு கரண்டியத் தட்டியே வுட்டாரு. அக்கா பொடவையெல்லாம் கஞ்சி. அதத் தொடச்சிக்கினே, "சரி, ரவ நேரம் கழிச்சு குடிப்பியாம்"னு சொல்லுச்சு.

எனக்கே ஒரு கட்டத்துல அக்கா மேல வெறுப்பு வந்துடுச்சு. சொல்றதுக்கு இன்னா. கல்லு மனசுக்காரின்னு நெனச்சேன். மாடிப்படியில ஒக்காந்து அக்கா ஆறிப்போன டீய வெச்சுக்கினு இருந்தப்போ கேட்டே புட்டேன்.

"அந்தாளு கெஞ்சறாருக்கா. கைய எடுத்துக் கும்புடறாரு. ஒரு கரண்டியில இன்னா ஆயிடும்?"

"ஒரு கரண்டியில இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்மே. தெரியாதவளா இருந்திருந்தா எப்பவோ குடுத்திருப்பேன்." அதச் சொல்லிட்டு முந்தானைய வாயில அடைச்சுக்கினு அழுதுச்சு பாரு, படியில ஏறி எறங்கறவங்கல்லாம் நின்னு பாத்தாங்க. "காயிதம் காயிதமா எதுக்குடி படிச்சேன் நான்? மத்தவ மாதிரி ஒண்ணும் தெரியாம இருந்திருக்கக் கூடாதா?"



தெனம் காலையில டாக்டரு ரவுண்ட்ஸ் வருவாரு. அக்கா மத்தது எதுவும் கேக்காது. "சார், தயிரு குடுக்கலாமா சார்?" அவரு ரிப்போர்ட்டப் பாத்துட்டு, "கவுண்ட்டு ஏறட்டும்மா"ம்பாரு. மறுநாளும் அதே கேள்வி, அதே பதிலு. நர்ஸுங்க எல்லாம் அக்காவுக்குத் தயிரம்மான்னு பேரு வெச்சுட்டாங்க. இப்பிடியே நாப்பது நாளு ஓடிச்சு. எத்தினி தபா ரத்தம் ஏத்துனாங்க, எத்தினி தபா ஐசியூவுக்குத் தூக்கிக்கினு போயித் திரும்பக் கொண்டாந்தாங்க, அதுக்கு எங்கிட்ட கணக்கில்ல.

ஒரு காலையில எனக்கு போன் வந்துச்சு. பொண்ணுக்குத் தல சீவிக்கினு இருந்தேன்.

"ஏம்மே, டாக்டரு தயிரு குடுக்கலாம்னுட்டாரு. உங்க வூட்டுத் தயிரு இருக்குதா? நல்லா ஒறஞ்சிருந்தாக் கொண்டா. புளிக்கக் கூடாது."

ஐயோ, நான் போட்ட கூச்சல் இருக்குதே! சீப்பத் தூக்கிக் கடாசிட்டு லைன் பூரா ஓடினேன். "மாமாவுக்குத் தயிரு குடுக்கச் சொல்லிட்டாங்க! கவுண்ட்டு ஏறிடுச்சு!" அஞ்சாவது போர்ஷன் அம்மா சக்கர எடுத்தாந்து எல்லாரு வாயிலயும் போட்டுச்சு. எங்க வூட்டுக்காரு சவாரிய வுட்டுட்டு, பதினோரு தேங்கா வாங்கிக்கினு காணிப்பாக்கத்துப் புள்ளையாருக்கு ஒடைக்க ஆட்டோவத் திருப்பிட்டாரு. கடை ஓனருக்கு போன் போட்டேன். "பாத்தியா, உங்க அக்கா கவுண்ட்டு ஏறற வரைக்கும் பொறுத்து ஜெயிச்சிடுச்சு"ன்னாரு. அந்தாளு கொரலே ஒடஞ்சிருந்துச்சு.

தயிரு டப்பாவ மடியில வெச்சுக்கினு பஸ்ல ஒக்காந்தேன். குலுங்காம இருக்கணுமேன்னு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினேன். பக்கத்து சீட்டு அம்மா கேக்காமலே எங்க மாமா பொழச்ச கதைய திருப்பதி வரைக்கும் சொல்லிக்கினு போனேன்.

வார்டு வாசல்ல அக்கா நின்னுச்சு. தல சீவி, பூ வெச்சு, நல்ல பொடவ கட்டியிருந்துச்சு. எனக்கு இன்னும் சந்தோசம் தாங்கல. பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கினே போயி, "நான் சொல்லல, புள்ளையாரு கைவுட மாட்டாருன்னு?"ன்னேன்.

அக்கா என் மணிக்கட்டப் புடிச்சுது. கையி ஐஸாட்டம் இருந்துச்சு.

"இப்போ எப்பிடிச் சிரிச்சியோ அப்பிடியே சிரிச்சுக்கினு உள்ள வா."

"இன்னாக்கா?"

"எது கேட்டாலும் குடும்மான்னுட்டாரு டாக்டரு. இனிமே மருந்து ஏத்தப் போறதில்லயாம். எது புடிக்குமோ குடு, தயிரும் குடுக்கலாம்மான்னாரு. அந்த வார்த்தைக்கு நாப்பது நாளா அவரு கால்ல விழுந்துக்கினு இருந்தேன்மே நான். சொன்னாரு."

எனக்குப் புரியறதுக்கு ரவ நேரம் ஆச்சு. புரிஞ்சதும் வாயி கோணிக்கினு வந்துடுச்சு. அக்கா மணிக்கட்ட அழுத்துச்சு, வலிக்கிற மாதிரி.

"அழுதேன்னா உள்ள வுட மாட்டேன். அவருக்குத் தெரியாது."

மாஸ்க்கும் மாட்டல அன்னிக்கு. தேவை இல்லன்னுட்டாங்க. அந்த ஒண்ணுலேயே மாமா கண்ணு பெருசாச்சு. மாஸ்க் இல்லாத எங்க மூஞ்சிய மாறி மாறிப் பாத்தாரு. அப்பால என் கையிலருந்த டப்பாவப் பாத்தாரு. பாத்துட்டு, வாயப் புண்ணோட இழுத்து இழுத்துச் சிரிச்சாரு.

நான்தான் பயந்து செத்தேன். கவுண்ட்டு எவ்ளோன்னு கேப்பாரு, அக்கா இன்னா சொல்லப் போவுதுன்னு. பொய் சொல்லிப் பழக்கமே இல்லாத பொம்பள அது.

அவரு கேக்கவே இல்ல.

"எத்தினி நாளு அழ வெச்சா இவ என்ன"ன்னு என்னப் பாத்துச் சொன்னாரு. மூச்சு வாங்கிக்கினு, நிறுத்தி நிறுத்தி. "இப்போ இவளே தூக்கியாந்துட்டா பாரு. எனக்கு ரிப்போர்ட்டு வாணாம். கவுண்ட்டு ஏறலன்னா இவ குடுப்பாளா? உசுரு போனாலும் குடுக்க மாட்டா."

அக்கா டப்பாவத் தொறந்துச்சு. கரண்டியில எடுத்து, வாய்ப்புண்ணுல படாம நாக்கு நடுவுல வெச்சுச்சு. மாமா கண்ண மூடிக்கினாரு. தொண்ட ஏறி எறங்குச்சு.

"இன்னும் ஒரு கரண்டி."

குடுத்துச்சு.

"வூட்டுக்கு எப்போ போலாம்?"

"சீக்கிரமே போலாம்யா."

"இன்னும்."

கேக்கக் கேக்கக் குடுத்துச்சு. நான் கட்டில் காலப் புடிச்சுக்கினு, சிரிச்சுக்கினே நின்னேன்.